கடலில் சிவப்பு எந்தப் பக்கம்?

போன வருடம் பிளஸ் டூ ரிசல்ட் வந்த சமயம். சோமனூர்ப் பக்கமிருந்து ஒரு தறிக்காரர் தன் மகனைக் கூட்டிக்கொண்டு காங்கேயத்தில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார். பையனுக்குக் கப்பலில் ஆபீசராக வேண்டும் என்று ஆசை. யாரோ ஒரு ஏஜென்ட் முன்பணம் கேட்டிருக்கிறார், கட்டலாமா என்று கேட்கத்தான் வந்திருந்தார்கள். காபி குடித்துக்கொண்டே அவர் கேட்டார்: "ஏனுங்க தம்பி, கடல்ல ரோடே இல்லீங்களே, ராத்திரில எப்படிங்க வழி தெரியும்?"

இருபத்திரண்டு வருடம் சரக்குக் கப்பல்களில் வேலை பார்த்தவன் நான். ஊருக்கு வந்தால் என்னிடம் சம்பளம் எவ்வளவு, புயலைப் பார்த்தீர்களா, கடற்கொள்ளையர் வந்தார்களா என்றுதான் கேட்பார்கள். வழியைப் பற்றிக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

கடலில் ரோடு உண்டு. துறைமுகத்துக்குள் போகும் ஆழமான கால்வாயின் இரண்டு ஓரத்திலும் மிதவைகள் நிற்கும். பெரிய இரும்பு அல்லது பிளாஸ்டிக் உருளை, அடியில் சங்கிலி, சங்கிலியின் முனையில் கடல் தரையில் கிடக்கும் கான்கிரீட் கட்டை, மேலே சோலாரில் எரியும் விளக்கு. நம் நாட்டில், கடலிலிருந்து துறைமுகத்துக்குள் வரும்போது சிவப்பு மிதவை இடது கைப்பக்கமும் பச்சை வலது கைப்பக்கமும் இருக்க வேண்டும். அந்த இரண்டுக்கும் நடுவில்தான் கப்பலுக்குத் தண்ணீர். ஓரம் தாண்டினால் சேறோ பாறையோ.

கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் சிவப்பு இடது என்பதை யார் முடிவு செய்தது? வாஷிங்டனில் 1889இல் கூடிய மாநாடு சிவப்பை வலது பக்கம் வைக்கச் சொன்னது. பிறகு மிதவைகளில் விளக்கு பொருத்தத் தொடங்கியபோது, ஐரோப்பாவில் சில நாடுகள் சிவப்பு விளக்கை இடது பக்கம் வைத்துக்கொண்டன. 1936இல் ஜெனீவாவில் சிவப்பு இடது என்று ஓர் ஒப்பந்தம் எழுதினார்கள், உலகப்போர் வந்ததில் அது நடைமுறைக்கே வரவில்லை. ஆளுக்கொரு முறை. 1976வாக்கில் உலகத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட மிதவை முறைகள் இருந்தன, பலவும் ஒன்றுக்கொன்று நேர் எதிர்.

அதன் விலை என்ன என்பது 1971இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே இருக்கும் டோவர் நீரிணையில் தெரிந்தது. ஜனவரி 11 அன்று டெக்சாகோ கரீபியன் என்ற எண்ணெய்க் கப்பல், பாராகாஸ் என்ற சரக்குக் கப்பலோடு மோதி வெடித்து மூழ்கியது. மறுநாளே பிராண்டன்பர்க் என்ற ஜெர்மன் கப்பல் அந்தச் சிதைவில் மோதி மூழ்கியது. அதன்பின் அந்த இடத்தைச் சுற்றி விளக்குக் கப்பலும் மிதவைகளும் போட்டார்கள். போட்டிருந்தும் பிப்ரவரி 27 அன்று நிக்கி என்ற கிரேக்கக் கப்பல் நேராக அங்கேயே போய் மூழ்கியது, ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. மூன்று விபத்துகளிலும் சேர்த்து 51 உயிர்கள். விளக்குகள் எரிந்துகொண்டுதான் இருந்தன. எரிகிற விளக்கு என்ன சொல்கிறது என்று எல்லாருக்கும் ஒரே மாதிரி புரிய வேண்டுமே, அது அன்று இல்லை.

அந்தச் சாவுகள்தான் நாடுகளை உட்கார்ந்து பேச வைத்தன. 1957 முதல் இயங்கிவந்த பன்னாட்டுக் கலங்கரை விளக்க அமைப்பான ஐஏஎல்ஏ, ஐநாவின் கடல்சார் அமைப்பான ஐஎம்ஓவோடு சேர்ந்து முயன்று, 1980 நவம்பரில் டோக்கியோவில் 50 நாடுகளை ஒரே முறைக்குச் சம்மதிக்க வைத்தது. ஒரு விஷயத்தில் மட்டும் யாரும் இறங்கி வரவில்லை. அதனால் உலகத்தை இரண்டு வட்டாரமாகப் பிரித்தார்கள். இந்தியா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா எல்லாம் ஏ வட்டாரம், சிவப்பு இடது. அமெரிக்கக் கண்டங்கள், ஜப்பான், கொரியா, பிலிப்பைன்ஸ் பி வட்டாரம், அங்கே சிவப்பு வலது. முப்பதை இரண்டாக்கியது சின்னச் சாதனை இல்லை என்பது என் கருத்து.

அந்த இரண்டுக்கு நடுவில் நானே ஒரு முறை மாட்டியிருக்கிறேன். மூன்றாம் ஆபீசராக இருந்த காலம், அதுவரை ஏ வட்டாரத்தைத் தாண்டியதில்லை. பிரேசிலில் ஒரு துறைமுகம், அதிகாலை மூன்று மணி, துறைமுகத்துக்குள் வழிகாட்டும் பைலட் இன்னும் கப்பலில் ஏறவில்லை. கால்வாயின் முதல் சிவப்பு விளக்கு வலது பக்கமாக மெதுவாக வருகிறது. எனக்குக் கையெல்லாம் வேர்த்துவிட்டது. "சார், நாம் கால்வாய்க்கு வெளியே போகிறோம்" என்று கத்தினேன். கேப்டன் திட்டவில்லை. சார்ட் மேசைக்குக் கூட்டிப்போய், வரைபடத்தின் ஓரத்தில் பி வட்டாரம் என்று அச்சடித்திருந்த வரியில் விரலை வைத்தார். "முதலில் எந்தக் கடலில் நிற்கிறாய் என்று பார், அப்புறம் விளக்கைப் பார்" என்றார். அந்தப் பயணத்துக்கான திட்டத்தில் என் கையெழுத்தும் இருந்தது, வரியைப் படிக்காமலே போட்ட கையெழுத்து. இன்றைக்கும் சார்ட்டைத் திறந்தால் என் கண் முதலில் அங்கேதான் போகும்.

டோக்கியோவில் நிறம் பிரிந்தாலும் வடிவம் பிரியவில்லை. எந்த வட்டாரமானாலும் துறைமுகத்துக்குள் வரும்போது இடது பக்கம் டப்பா வடிவம், வலது பக்கம் கூம்பு வடிவம். அந்தத் தறிக்காரருக்கும் பையனுக்கும் இதை விளக்க, நான் எடுத்து வைத்திருந்த படங்களை மேசையில் பரப்பினேன். பையன் கெட்டிக்காரன், டப்பா எது, கூம்பு எது என்று உடனே பிரித்துவிட்டான். "சரி கண்ணு, இப்ப நிறத்தச் சொல்லு" என்றேன். சாயங்கால வெளிச்சத்தில் எடுத்த படம் ஒன்றைக் கையில் எடுத்தான். சொல்லவில்லை. அப்பா முகத்தைப் பார்த்தான்.

அவனை அதற்கு மேல் கேட்காமல் பேச்சை மாற்றினேன். ஆனால் அந்தத் தயக்கத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன், அதனால் கடைசியில் அதற்குத் திரும்பி வருகிறேன்.

நமக்கும் இந்த மிதவைகளுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்க வேண்டாம். திருப்பூர் பனியனும் கரூர் மேசைவிரிப்பும் தூத்துக்குடியில் கண்டெய்னரில் ஏறி, பெரும்பாலும் கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாறி, மேற்கே போகின்றன. லட்சத்தீவுகளில் ஒன்றான மினிக்காயின் பக்கமாகப் போகும் பாதை அது. அங்கே 1885இல் கட்டிய கலங்கரை விளக்கம் இன்றும் நிற்கிறது. வழக்கமான வழியில் அடுத்து செங்கடல். அதன் தென்பகுதியில் அபு அலி, ஜபல் அத் தைர் என்ற இரண்டு பாறைத் தீவுகளின் விளக்குகளைப் பராமரிக்க 1962இல் பல நாடுகள் ஒப்பந்தம் போட்டுச் செலவைப் பங்கிட்டன. அதற்கும் முன்னால் மொராக்கோவின் ஸ்பார்டெல் முனை விளக்குக்கு 1865இலேயே இப்படிப் பத்து நாடுகள் பணம் போட்டிருக்கின்றன. யாரோ ஒருவர் கரையில் எரியும் விளக்கு, அதைக் கடந்துபோகிற எல்லாருக்குமானது. அதனால்தான் நம் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்களும் விளக்குக் கட்டணம் செலுத்துகின்றன.

எங்கள் ஊருக்குப் பக்கத்துப் படியூரில் வெட்டிய பெரில் மணிக்கற்கள் பாலக்காட்டுக் கணவாய் வழியாக முசிறிக்கும், அங்கிருந்து செங்கடல் வழியாக எகிப்துக்கும் போன காலம் ஒன்று இருந்தது. அலெக்சாந்திரியாவில் ஃபாரோஸ் விளக்கு எரிந்த காலம். கொங்கு நாட்டுக்காரனின் சரக்கு ஊர்பேர் தெரியாதவர் ஏற்றிய விளக்கை நம்பிப் போவது அன்றைக்கே தொடங்கிவிட்டது. கலங்கரை என்றால் கலத்தைக் கூப்பிடுவது என்று பொருள். நம் சொல்லிலேயே எந்த நாட்டுக் கலம் என்ற கேள்வி இல்லை.

இப்போது எல்லாம் ஜிபிஎஸ்தானே என்று இளம் ஆபீசர்களே என்னிடம் சொல்கிறார்கள். இது எனக்கு உண்மையாகவே கவலை. மற்ற செயற்கைக்கோள் சிக்னல்களைப் போல ஜிபிஎஸ் சிக்னலையும் அமுக்கலாம், பொய்யான இடத்தைக் காட்டவும் வைக்கலாம். 2025 மே மாதம் செங்கடலில் ஜித்தாவுக்கு அருகே ஒரு பெரிய கண்டெய்னர் கப்பல் தரைதட்டியது. ஜிபிஎஸ் குறுக்கீடுதான் காரணமாக இருக்கும் என்று கப்பல் போக்குவரத்தைக் கண்காணிப்பவர்கள் சந்தேகித்தார்கள். திரை ஓரிடத்தைக் காட்டும்போது, கரையில் தெரியும் விளக்கு வேறு இடத்தைச் சொன்னால், நான் விளக்கின் பக்கம்தான் நிற்பேன். ஒவ்வொரு கலங்கரை விளக்கத்துக்கும் தனி ஒளிர்முறை உண்டு: எத்தனை மின்னல், எத்தனை நொடிக்கு ஒரு முறை. கப்பலை ஓட்டும் அறையான பிரிட்ஜின் ஓரத்தில் ஸ்டாப்வாட்சோடு இருட்டில் நின்று எண்ணி, புத்தகத்தில் உள்ளதோடு ஒத்துப்போனால்தான் அது இன்ன விளக்கு என்று எழுதுவோம். மிதவையை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. புயலில் சங்கிலி அறுந்து நகர்ந்திருக்கலாம், விளக்கு அணைந்திருக்கலாம்.

அப்படி ஒன்று நகர்ந்தால் என்ன ஆகும்? இந்தியப் பெருங்கடலின் நம் பகுதிக்கு எச்சரிக்கை அனுப்பும் பொறுப்பு இந்தியாவுடையது. அதை அனுப்புவது டேராடூனில் இருக்கும், கடல் வரைபடம் தயாரிக்கும் நீரியல் அலுவலகம். கடலே இல்லாத, இமயமலை அடிவார ஊர். ஐஏஎல்ஏவின் தலைமையகமும் கடற்கரையில் இல்லை, பாரிசுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அந்த அமைப்பு 2024 ஆகஸ்டில் அரசுகளுக்கிடையிலான அமைப்பாக உயர்ந்தது, இந்தியாவும் அதில் உறுப்பினர். கொங்கு நாட்டில் உட்கார்ந்து கடலைப் பற்றிப் பேச நமக்கென்ன உரிமை என்று யாரும் கூச்சப்பட வேண்டாம்.

2025 மே 25 அன்று கொச்சிக்கு வெளியே 600க்கும் மேற்பட்ட கண்டெய்னர்களோடு ஒரு கப்பல் மூழ்கியது நினைவிருக்கும். அப்படிப் புதிதாக மூழ்கிய கப்பலைக் குறிக்க நீலமும் மஞ்சளும் செங்குத்துப் பட்டைகளாக வரும் மிதவை ஒன்று உண்டு. இரவில் விளக்கும் நீலம், மஞ்சள் என்று மாறி மாறி மின்னும். 2002 டிசம்பரில் ஆங்கிலக் கால்வாயில் டிரைகலர் என்ற கப்பல் ஏறத்தாழ 2,900 கார்களோடு மூழ்கி, அடுத்த சில வாரங்களுக்குள் இன்னும் இரண்டு கப்பல்கள் அதன்மேலேயே போய் மோதிய பிறகு வந்த ஏற்பாடு அது. டோவருக்கு முப்பது வருடம் கழித்தும் அதே தப்பு. அதனால்தான் இந்தப் பேச்சுவார்த்தைகள் முடிவதே இல்லை, முடியவும் கூடாது.

சரி, பையனுக்கு வருகிறேன். இரவில் மிதவையின் வடிவம் தெரியாது. நிறமும் மின்னும் கணக்கும் மட்டும்தான் தெரியும். எதிரே வரும் கப்பல் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதும் அதன் சிவப்பு, பச்சை விளக்குகளை வைத்துத்தான். அதனால் நிறக்குறைபாடு உள்ளவர்களை மேல்தள ஆபீசராக எடுக்க மாட்டார்கள். எஞ்சின் துறைக்கும் நிறப் பார்வையைச் சோதிப்பார்கள். இந்தக் குறைபாடு பெரும்பாலும் பிறவியிலேயே வருவது. பலருக்கு அது இருப்பதே தெரியாமல் இருக்கும், பரிசோதனையில் கண் கூர்மை சரியாக இருந்தாலும்கூட இது தனியாக இருக்கலாம். புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் அட்டைகளைக் காட்டிச் செய்யும் சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். எந்தக் கண் மருத்துவரும் செய்வார். முதலில் அதைச் செய்யுங்கள். பிறகு கப்பல் துறை இயக்குநரகம் அங்கீகரித்த மருத்துவரிடம் முழுப் பரிசோதனை. அதற்குப் பிறகுதான் எந்தப் படிப்புக்கும் பணம். ஆள் எடுத்துத் தருகிறேன் என்பவரிடம் அரசு உரிம எண்ணைக் கேட்டு வாங்கி, இயக்குநரகத்தின் இணையதளத்தில் நீங்களே சரிபாருங்கள். எண் சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

தறிக்காரர் மறுவாரமே மகனைக் கோவையில் ஒரு கண் மருத்துவரிடம் காட்டினார். சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியவில்லை. அன்று இரவு போன் செய்தார். "பையன் சரியாச் சோறு திங்கலீங்க தம்பி. முன்பணம் மட்டும் கைய விட்டுப் போகலீங்க" என்றார். பையனிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசினோம்.