மூட் கோட்: போலியா, மாதிரியா?

சட்டம் படிக்கிற பிள்ளை "நாளைக்கு மூட் கோட்" என்றால், யாழ்ப்பாணத்து அம்மாமார் முதலில் கேட்பது "ஆற்றை வழக்கு?" என்றுதான். ஒருவருடையதும் இல்லை; இது சட்ட மாணவர்கள் நீதிமன்றத்தில் போல வாதாடிப் பழகும் போட்டி. கற்பனை வழக்கொன்றின் சங்கதிகளை ஏற்பாட்டாளர்கள் எழுதிக் கொடுப்பார்கள். ஓரணி மனுதாரருக்கு, மற்றது எதிர்மனுதாரருக்கு. முதலில் எழுத்தில், பிறகு நீதியரசர்களாக இருப்பவர்கள் முன்னால் வாய்மொழியாக வாதம். சாட்சிகள் இல்லை, குறுக்கு விசாரணை இல்லை. தகராறு சட்டத்தில் மட்டும்.

'மூட்' என்ற சொல்லின் வேர் பழைய ஆங்கிலத்தின் 'கெமோட்': கூட்டம், ஊரவை என்று பொருள். வழக்குத் தீர்த்ததும் அந்த அவைகளில்தான். பின்னாளில் லண்டனில் சட்டம் பயிற்றிய விடுதிகளில் மாணவர்கள் சிக்கலான கேள்விகளை எடுத்து வாதிட்டுப் பழகியதற்கும் அதே பெயர் வந்தது. நம்முடைய 'மன்றம்' வந்த வழியும் ஏறக்குறைய இதுதான்: ஊர் கூடும் பொதுவிடம், பிறகு வழக்குக் கேட்கும் இடம்.

தமிழில் என்ன சொல்வது? சிலர் 'போலி நீதிமன்றம்' என்கிறார்கள். போலிக் காணி உறுதி, போலி வைத்தியர் என்று கேட்டுப் பழகிய காதுக்கு அது மோசடி போல ஒலிக்கும். 'வழக்காடு மன்றம்' நல்ல சொல்தான். ஆனால் இங்கே அதைக் கம்பன் விழா மேடை எப்போதோ எடுத்துக்கொண்டது, கைகேயியைக் கூண்டிலேற்ற. 'மாதிரி நீதிமன்றம்' என்பதே பொருந்தும். சாட்சிகளை வைத்து நடிக்கும் பயிற்சி வேறு; அதை 'மாதிரி விசாரணை' என்று பிரித்துச் சொல்லலாம்.

அடிப்படை உரிமைச் சட்டப் போட்டிக்கு யாழ்ப்பாணத்திலேயே நல்ல வழக்கு உண்டு. தேசவழமைக்கு, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டத்துக்கு, உட்பட்ட மனைவி தன் அசையாச் சொத்தைக் கைமாற்றக் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்றது 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். காணிப் பதிவாளர் அவளின் உறுதியைப் பதிய மறுக்கிறார் என்று வையுங்கள். மனுதாரர் பக்கத்துப் பிள்ளை இலங்கையின் 1978 அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரையை எடுத்து, சமத்துவம் என்று தொடங்கும். இரண்டு வசனம் போகமுதல் நீதியரசர் மறிப்பார்: "16ஆம் உறுப்புரை பழைய சட்டங்கள் அடிப்படை உரிமைகளோடு முரண்பட்டாலும் செல்லும் என்கிறதே?" பட்டிமன்ற நடுவர் கடைசிவரை கேட்டிருப்பார், இவர் விடமாட்டார். அடுத்த கேள்வி 126ஆம் உறுப்புரையில்: "ஒரு மாதத்துக்குள் மனுப் போட்டீர்களா?" மனப்பாடம் பண்ணிய பேச்சு அத்தோடு சரி.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒன்று: அந்த மனு போவது 'உயர் நீதிமன்றத்துக்கு'. இலங்கையில் அதுதான் நாட்டின் உச்சி. நீங்கள் உயர் நீதிமன்றம் என்கிற 'ஹை கோர்ட்'டை இங்கே மேல் நீதிமன்றம் என்போம்.