மசகெண்ணெய் வேறு, கச்சா எண்ணெய் வேறு

யாழ்ப்பாணம் குருநகரில் என் மருமகன் முறையான பெடியன் ஒருவன் படகுக்குப் பூட்டுகிற பழைய ரூ ஸ்ரோக் எஞ்சின் ஒன்று வாங்கினான். அதோடு வந்த தமிழ்த் தாளில் "எரிபொருளுடன் 50க்கு 1 என்ற அளவில் மசகு எண்ணெய் கலக்கவும்" என்று இருந்தது. தாளில் பிழையே இல்லை. ஆனால் அவன் வந்து, "மாமா, மசகு எண்ணெய் கப்பலில எல்லோ வாறது, அதை நாங்கள் எங்க வாங்குறது?" என்று கேட்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். "உலகச் சந்தையில் மசகு எண்ணெய் விலை உயர்வு" என்று செய்தியில் கேட்டே வளர்ந்த பிள்ளை. 2021 நவம்பரில் இலங்கையின் சப்புகஸ்கந்த எண்ணெய் சுத்திகரிப்பு நிலையம் மூடப்பட்டபோதும் மசகு எண்ணெய் இல்லை என்றுதான் செய்தி வந்தது. இல்லாமல் போனது கச்சா எண்ணெய், அதாவது நிலத்தடியிலிருந்து எடுத்து இன்னும் சுத்திகரிக்காத எண்ணெய். எங்கள் செய்திகளில் அதைத்தான் மசகு எண்ணெய் என்று எழுதுகிறார்கள்.

மசகு என்பது வண்டில் அச்சில் பூசுகிற கரிய பசை. எண்ணெய் என்பது எள் + நெய், பிறகு எல்லா எண்ணெய்க்கும் பொதுப்பெயராகிவிட்டது. சரி, அப்படியென்றால் மசகெண்ணெய் என்பது உராயும் இடத்தை வழுக்க வைக்கிற எண்ணெய், நாங்கள் கடையில் ஒயில் என்று கேட்டு வாங்குவது. நிலத்தடியிலிருந்து எடுத்தபடி கிடக்கிற எண்ணெய்க்கு அந்த வேலை இல்லை. அதுவும் கறுப்பு, பிசுபிசுப்பு, ஆகவே மசகு என்று சொல்லலாம்தானே என்று நண்பர் ஒருவர் வாதாடினார். மசகு நிறத்தின் பெயர் அல்ல, வேலையின் பெயர். நிறம்தான் கணக்கென்றால் தாரையும் மசகு என்றுதான் சொல்லவேண்டி வரும்.

எஞ்சின்காரருக்கு இது வெறும் சொற்சண்டை இல்லை. ரூ ஸ்ரோக்கில் ஒயிலுக்கென்று அடியில் தனித் தொட்டி கிடையாது. எரிபொருள் கிராங்க் அறைக்குள்ளால் போகும்போது அதில் கலந்திருக்கிற ஒயில்தான் பெயாரிங்குக்கும் பிஸ்டனுக்கும் மசகு. அதை விட்டால் பிஸ்டன் இறுகிவிடும். 50க்கு 1 என்றால் 10 லீற்றருக்கு 200 மில்லிலீற்றர், இன்னும் பழைய சில எஞ்சின்களுக்கு 25க்கு 1, அதாவது 400. ஒயிலும் நீரில் குளிரும் படகு எஞ்சினுக்கென்று உள்ள ரீசி-டபிள்யூ3 (TC-W3) தரமாக இருக்கவேண்டும். காற்றில் குளிரும் மோட்டார் சைக்கிளின் 2ரீ (ரூ ஸ்ரோக்) ஒயில் நீரில் குளிரும் இந்த எஞ்சினுக்குச் சரிவராது, பிளக்கில் சாம்பல் படியும். கீழே கியர்ப் பெட்டிக்கு வேறு ஒயில், அதை எரிபொருள் தாங்கியில் ஊற்றக் கூடாது.

இந்தக் குழப்பத்துக்குப் பயந்து சிலர் வெறும் "எண்ணெய்" என்று எழுதுகிறார்கள். மண்ணெண்ணெயில் எஞ்சின் ஓட்டுகிற ஊரில் "எண்ணெய் ஊற்றவும்" என்றால் எதை ஊற்றுவது? போரில் பெற்றோல் தடைப்பட்ட தொண்ணூறுகளில் மோட்டார் சைக்கிளையே மண்ணெண்ணெயில் ஓட்டிய சனம் நாங்கள். இன்னும் சிலர் மசகெண்ணெய்க்குப் பதிலாகத் தமிழ்நாட்டுப் பாடநூலிலிருந்து "உயவு எண்ணெய்" கொண்டுவருகிறார்கள். அது பிழையான சொல் என்று சொல்லவில்லை. ஆனால் குறுந்தொகை 28ஆம் பாட்டில் உயவுநோய் என்றால் ஊர் அறியாத தலைவியின் துன்பம், அந்தப் பொருளைப் படித்தவனுக்கு இது நெருடும், படிக்காதவனுக்கு ஒன்றுமே விளங்காது. கையில் பசையாக ஒட்டிய மசகு இருக்க, ஏன் அங்கே போகவேண்டும்? மொழிபெயர்ப்பவர்கள் ஒரு தடவை படகுத்துறைக்கு வந்து கேட்டுவிட்டு எழுதலாம்.

கச்சா இந்திச் சொல், அதனால்தான் வேண்டாம் என்கிறீர்களா? நானும் அதை விரும்பவில்லை. "பண்படா எண்ணெய்" என்று எழுதுங்கள், கேட்டதும் விளங்கும். மசகை மட்டும் எங்களிடம் விட்டுவிடுங்கள்.

பெடியனின் எரிபொருள் கானில் பெயின்ரால் எழுதிக் கொடுத்தேன்: "பெற்றோல் 10 லீற்றர், மசகெண்ணெய் (ஒயில்) 200 மில்லி. முதலில் ஒயில், பிறகு பெற்றோல், நன்றாகக் குலுக்கு."