பேரூராட்சி

பேருந்து நிலையத்தில் இறங்கி “டவுன் பஞ்சாயத்து ஆபீஸ் எங்கே?” என்று கேட்டால் வழி சொல்வார்கள். முதியவர் என்றால் “பஞ்சாயத்து போர்டா?” என்று திருத்திக்கொண்டு கை காட்டுவார். போய்ச் சேர்ந்தால் பலகையில் பேரூராட்சி அலுவலகம் என்று எழுதியிருக்கும். மூன்றும் ஒன்றுதான்.

‘டவுன்’ ஆங்கிலத்தின் பழைய வடிவில் வேலியிட்ட அடைப்பைக் குறித்த சொல். ‘பஞ்சாயத்து’ ஐந்து என்னும் பொருளுடைய ‘பஞ்ச’ என்ற வடசொல்லிலிருந்து கிளைத்து இந்தி வழியே வந்தது. நம் பேச்சிலோ அது வழக்குத் தீர்ப்பது என்ற பொருளுக்கு நழுவி, ‘கட்டப்பஞ்சாயத்து’ வரை போய்க் கெட்டுவிட்டது. வரி வசூலித்து விளக்குப் போடும் அமைப்புக்கு ‘ஆட்சி’ என்ற பின்னொட்டு வந்தது நல்ல தேர்வு.

சொல்லின் கட்டுமானம் பெருமை + ஊர் + ஆட்சி. ‘பெரு’வுக்குப் பின் மெய் வந்தால் குறிலாகவே நிற்கும்: பெருநகர், பெருங்கடல். உயிர் வந்தால் முதலெழுத்து நீண்டு ‘பேர்’ ஆகும்: பேரரசு, பேராசிரியர், பேரூர். ஆகவே ‘பெரூராட்சி’ பிழை. பெயர்ப்பலகைகளில் கண்ணில் படும் ‘பேருராட்சி’யும் பிழை. வல்லினம் தொடர்ந்தால் ஒற்று மிகும்: பேரூராட்சித் தலைவர், பேரூராட்சிப் பணியாளர். பேரூரின் எதிர்ச்சொல்லான ‘சீறூர்’ சங்கப் பாடல்களில் அடிக்கடி வருவது. இன்றைய வழக்கில் ‘சிற்றூர்’ நிலைத்துவிட்டது. கோவையை அடுத்த பேரூர் மட்டும் ‘பேரூர் பேரூராட்சி’ என்று இரண்டு முறை பெருமைப்பட வேண்டியிருக்கிறது!

பெயரில் உள்ள ‘பேர்’ மக்கள்தொகையைச் சொல்வதாக நினைப்பதுதான் பெரிய தவறு. அது சட்டம் தரும் நிலை. பேரூராட்சியைவிட மக்கள் மிகுந்த ஊராட்சிகள் உண்டு. 1958ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் கீழ் இது பஞ்சாயத்தின் ஒரு வகையாகத்தான் இருந்தது. அரசியலமைப்பின் 74ஆவது திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தபோது, ஊரகத்திலிருந்து நகர்ப்புறமாக மாறிவரும் பகுதிக்கு ‘நகர் பஞ்சாயத்து’ என்ற நிலையை வகுத்தது. தமிழகப் பேரூராட்சிகள் அதில் அடங்கி நகர்ப்புற உள்ளாட்சிகளாயின. வட மாநிலச் செய்தியில் ‘நகர் பஞ்சாயத்து’ வந்தால் அதை ‘நகராட்சி’ என்று பெயர்க்கக் கூடாது. நகராட்சி அதற்கு அடுத்த படி. 2004இல் 561 பேரூராட்சிகள் ‘சிறப்புச் சிற்றூராட்சி’ ஆக்கப்பட்டு, 2006இல் மறுபடி பேரூராட்சிகளாயின. ஊர் அங்கேயே இருக்க, பெயர் மட்டும் போய் வந்தது. பல ஊர்கள் நகராட்சிகளாக உயர்ந்தபின் 2022 தேர்தலின்போது எண்ணிக்கை 490.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ‘சென்சஸ் டவுன்’ வேறு. 5,000 பேர், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் அடர்த்தி, முதன்மைத் தொழிலாளரான ஆண்களில் முக்கால்வாசிப் பேருக்கு வேளாண்மையல்லாத வேலை என்ற மூன்றும் இருந்தால் ஓர் ஊராட்சியும் கணக்கில் நகரமாகும், நிர்வாகம் மாறாது. ‘கணக்கெடுப்பு நகரம்’ எனலாம். இதைப் பேரூராட்சி என்று எழுதுவது தவறு.

ஒரே ஊர்ப்பெயரில் மூன்று அமைப்புகள் இருப்பதால் வரும் குழப்பத்துக்கு உத்திரமேரூர் நல்ல எடுத்துக்காட்டு. பராந்தகச் சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் உள்ள இவ்வூர், சுமார் 25 ஆயிரம் பேர் வாழும் பேரூராட்சி. 30 குடும்புகளாகப் பிரித்து, ஏரி வாரியமும் தோட்ட வாரியமும் அமைத்த ஊர் இன்று வார்டுகளாகப் பிரிந்து உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கிறது. உத்திரமேரூர் ஊராட்சி ஒன்றியம் என்பது சுற்றியுள்ள 73 ஊராட்சிகளுக்கானது. பேரூராட்சி அதில் சேராது. உத்திரமேரூர் வட்டம் வருவாய்த் துறையின் பிரிவு. சொத்து வரிக்கும் குடிநீர் இணைப்புக்கும் பேரூராட்சி அலுவலகம் போக வேண்டும். பட்டாவுக்கும் சாதிச் சான்றுக்கும் வட்டாட்சியர் அலுவலகம். ஒன்றிய அலுவலகத்தில் வரிசையில் நின்றால் அரைநாள் வீண்.

பதவிப் பெயர்களிலும் கவனம் தேவை. ஊராட்சித் தலைவரை வாக்காளரே நேரடியாகத் தேர்ந்தெடுப்பர். 2022இல் பேரூராட்சித் தலைவர்களை வார்டு உறுப்பினர்கள்தான் தேர்ந்தெடுத்தனர். அன்றாட நிர்வாகம் ‘செயல் அலுவலர்’ கையில். ஊராட்சியில் இருப்பவர் ‘ஊராட்சிச் செயலர்’. கிராம சபை ஊராட்சிக்கு உரியது, பேரூராட்சியில் கூடுவது ‘பகுதி சபா’. நூறு நாள் வேலை ஊரகத்துக்கென வகுத்த திட்டம், ஊராட்சி பேரூராட்சியானால் கைநழுவும். நிலை உயர்வு என்றதும் பல ஊர்களில் கொண்டாட்டத்துக்குப் பதில் மறியல் நடப்பது இதனால்தான். கூடவே வரி ஏறும் என்ற அச்சமும் சேர்கிறது.

இலங்கைத் தமிழில் ‘பேரூராட்சி’ வழங்குவதில்லை. அங்கே சிறு நகர அமைப்புக்குப் ‘பட்டின சபை’ என்று பெயர் இருந்தது. பட்டினம் நம் பழைய வழக்கில் கடற்கரை ஊர். ஆனால் அங்கே கடலில்லா ஊருக்கும் அது பொருந்தியது. பட்டின சபைகளும் கிராம சபைகளும் 1981இல் கலைந்தன. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரதேச சபைகள் வந்தன. அந்தப் பழைய ‘கிராம சபை’ தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம். தமிழகத்தில் அதே சொல் ஊர் வாக்காளர் எல்லாரும் கூடும் கூட்டத்தைக் குறிக்கிறது.