நடைபழகும் குழந்தையோடு நீலகிரி ஏறுமுன்

"டாக்டர், குழந்தைக்குக் குளிர் தாங்குமா?" மலைக்கு வருமுன் தொலைபேசியில் பேசும் பெற்றோர் பெரும்பாலும் இந்தக் கேள்வியோடுதான் தொடங்குகிறார்கள். உதகையில் குழந்தைகள் நல மருத்துவராகப் பல ஆண்டுகள் இருந்துவிட்ட எனக்கு இந்தக் கவலை புரிகிறது. ஆனால் விடுமுறை நாள்களில் என்னிடம் தூக்கிவரப்படும் சுற்றுலாக் குழந்தைகளில் குளிரால் மட்டும் நோயுற்றவர்கள் மிகக் குறைவு. காரில் மடியில் இருந்து சரிந்து விழுந்த குழந்தை, சாலையோரத்தில் வாங்கிய கேரட் துண்டு தொண்டையில் சிக்கிய குழந்தை, தைலப் புட்டியைத் திறந்து குடித்த குழந்தை என்று, பெற்றோர் அஞ்சாத இடங்களிலிருந்துதான் ஆபத்து வந்திருக்கிறது. ஒன்றிலிருந்து மூன்று வயது வரையுள்ள குழந்தையோடு வருகிறவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

குளிரையும் உயரத்தையும் முதலில் சொல்லிவிடுகிறேன். உதகை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலும், குன்னூர் ஏறத்தாழ 1,850 மீட்டரிலும் இருக்கின்றன. மலை உயரத்தால் வரும் நோய் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல் தங்குபவர்களுக்கே வருவதால், நலமாக இருக்கும் குழந்தைக்கு இங்கே அந்த அச்சம் வேண்டியதில்லை. பிறவி இதயக் கோளாறு, குறைமாதத்தில் பிறந்து நீண்ட நாள் ஆக்சிஜன் தேவைப்பட்ட நுரையீரல், கடும் இரத்தசோகை ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால், குழந்தையை வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரின் ஒப்புதலோடு மட்டுமே ஏறுங்கள். நெஞ்சுச் சளியோ வீசிங்கோ இருக்கும் வாரத்தில் பயணத்தைத் தள்ளிப்போடுவதே நல்லது. உடையைப் பொறுத்தவரை, ஒரே தடித்த ஸ்வெட்டரைவிட மூன்று மெல்லிய உடைகள் மேல். வெயில் ஏறும்போது ஒன்றைக் கழற்றலாம், மாலையில் திரும்பப் போடலாம். குளிராக இருந்தாலும் மலை வெயிலில் புறஊதாக் கதிர் கூடுதல் என்பதால் பகலில் அகன்ற விளிம்புள்ள தொப்பி கட்டாயம்.

இனி நாள்களைத் திட்டமிடுவது பற்றி. பள்ளிக்குப் போகாத குழந்தை உங்களுடையது. ஆகவே மே மாதத்தில்தான் வரவேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கு இல்லை. மலர்க் கண்காட்சி நடக்கும் வாரங்களில் வாகன வரிசையில் மணிக்கணக்கில் நின்று, பசித்து அழுது ஓய்ந்த குழந்தைகளைப் பார்க்கும்போதெல்லாம் இதைச் சொல்லத் தோன்றும். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வெளி வாகனங்களுக்கு இ-பாஸ் வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். என் தேர்வு பிப்ரவரி, மார்ச் மாதங்களின் வார நாள்கள். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழையால் குன்னூர்ப் பாதையில் மண் சரிவது உண்டு.

படகு இல்லம், தாவரவியல் பூங்கா, தொட்டபெட்டா, தேயிலைத் தொழிற்சாலை, பைக்காரா என்று ஒரே நாளில் ஐந்து இடங்களை அடுக்கும் பயணத் திட்டம் பெரியவர்களுக்கே சோர்வு தரும். நடைபழகும் குழந்தைக்கு ஒரு நாளுக்கு ஓர் இடம் போதும். காலை ஒன்பதரைக்குக் கிளம்பி, நண்பகலுக்குள் திரும்பி, சோறு ஊட்டி, வீட்டில் தூங்கும் அதே நேரத்தில் தூங்கவைத்தால், மாலையில் அந்தக் குழந்தை ஏரிக்கரையில் வாத்தையும் குதிரையையும் பார்த்துக் கைதட்டும். மலை ரயிலில் போக ஆசை இருந்தால், மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் ஏறக்குறைய ஐந்து மணி நேரப் பயணத்தை விட்டுவிட்டு, குன்னூரிலிருந்து உதகை வரையுள்ள சுமார் ஒன்றேகால் மணி நேரப் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மலைப்பாதையில் மிகப் பெரிய தவறு மடி. முன் இருக்கையில் தாயின் மடியில் இருக்கும் குழந்தையைத் திடீர் பிரேக்கின்போது எந்தக் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது. ஏர்பேக் விரிந்தால் அந்த வேகமே குழந்தையைக் கொல்லக்கூடும். பின் இருக்கையில் வாருடன் பொருத்திய குழந்தை இருக்கை மட்டுமே பாதுகாப்பு. 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டமும் குழந்தைகளுக்கு இத்தகைய பாதுகாப்பைக் கட்டாயமாக்கியிருக்கிறது. வாடகைக் காரில் வருபவர்கள் முன்பதிவின்போதே இதைக் கேட்டுவிடுங்கள், இல்லையென்றால் உங்களுடையதைக் கொண்டுவாருங்கள்.

கொண்டை ஊசி வளைவுகளில் வரும் வாந்தி இரண்டு வயதுக்கு மேல்தான் அதிகம். கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பு இரண்டு இட்லி போதும். வயிறு நிறையப் பால் வேண்டாம். சன்னலைச் சிறிது திறந்து வைத்து, மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் இடையிலுள்ள பர்லியாரில் ஒருமுறை நிறுத்தி இறங்கி நடக்க விடுங்கள். தூங்கிக்கொண்டே ஏறிவிடட்டும் என்று சளி மருந்து கொடுக்கும் வழக்கத்தை மன்றாடிக் கேட்டு நிறுத்தச் சொல்கிறேன். வாந்திக்காகக் கடையில் கிடைக்கும் புரோமெத்தசின் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் மூச்சையே அடக்கிவிடக்கூடும். குளோர்பெனிரமைனும் பினைலெஃப்ரினும் சேர்ந்த சளி மருந்தை நான்கு வயதுக்குட்பட்டவர்களுக்குத் தரக்கூடாது என்று 2023 டிசம்பரில் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பே அறிவுறுத்தியிருக்கிறது.

அடுத்து, இந்த ஊருக்கே உரிய ஒன்று. நீலகிரிக்கு வந்தவர்கள் தைலம் வாங்காமல் திரும்புவதில்லை. ஒரு மாலை, ஒன்றரை வயதுப் பெண் குழந்தையை அதன் பாட்டி தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். அறைக்குள் நுழையும்போதே யூகலிப்டஸ் வாசனை வந்தது. குழந்தையின் சட்டைக் கழுத்து நனைந்திருந்தது, இருமிக்கொண்டே இருந்த குழந்தையின் கண்கள் செருகத் தொடங்கியிருந்தன. தங்கும் விடுதிக் கட்டிலில் கிடந்த பையிலிருந்து புட்டியை எடுத்து மூடியைக் கடித்துத் திறந்திருக்கிறது. எவ்வளவு குடித்தது என்று யாருக்கும் தெரியவில்லை. இரவு முழுவதும் மருத்துவமனையில் கண்காணிப்பில் இருந்து அந்தக் குழந்தை நலமாகத் திரும்பியது. ஒரு தேக்கரண்டியளவு தூய தைலமே இந்த வயதில் வலிப்பையும் மயக்கத்தையும் உண்டாக்கப் போதுமானது. தைலத்தைக் குடித்துவிட்டால் விரலை விட்டு வாந்தியெடுக்க வைக்காதீர்கள். வாந்தி நுரையீரலுக்குள் போனால் தீங்கு இரட்டிப்பாகும். புட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். குழந்தை நன்றாக இருப்பதுபோலத் தெரிந்தாலும் காத்திருக்க வேண்டாம். வாங்கிய தைலத்தை மூடி முறுக்கி, பூட்டிய பெட்டிக்குள் வையுங்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் மூக்கிலோ மார்பிலோ தைலத்தையும், கற்பூரம் கலந்த எண்ணெயையும் தடவவே வேண்டாம். மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு மருந்து போதுமானது.

தங்கும் அறையிலும் ஓர் ஆபத்து கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது. குளிருக்காகக் கரியைச் சட்டியில் மூட்டி அறைக்குள் வைத்து, சன்னலைச் சாத்திக்கொண்டு தூங்குவது உயிரைப் பறிக்கும். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பெரியவர்களைவிட வேகமாக மூச்சு விடுவதால் குழந்தையின் இரத்தத்தில் அது முதலில் ஏறும். கரி அணைந்து கங்காகிவிட்டது என்பதும் பாதுகாப்பல்ல. காற்றோட்டமில்லாத குளியலறையில் உள்ள கேஸ் கீசரும் இதே நஞ்சைத் தரும். அறையைப் பதிவு செய்யும்போது மின்சார ஹீட்டரும் மின்சார கீசரும் இருக்கின்றனவா என்று கேளுங்கள். பால்கனிக் கம்பிகளின் இடைவெளியில் குழந்தையின் தலை நுழையுமா என்பதை, பெட்டியைத் திறப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

உதகை ஏரி 1820களில் ஜான் சல்லிவன் உருவாக்கிய செயற்கை ஏரி. பைக்காராவும் எமரால்டும் மின்சாரத்துக்காகத் தேக்கிய அணைநீர். ஊர்க்குளம்போலக் கரை மெல்ல ஆழமாகும் என்று இவற்றில் எண்ணிவிடக்கூடாது. மூழ்கும் குழந்தை கத்துவதில்லை, கைவீசி அழைப்பதும் இல்லை. சில நொடிகளில் சத்தமில்லாமல் போய்விடும். ஆகவே கரையில் நிற்கும் நேரமெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் ஒருவர், கைப்பேசியைப் பார்க்காமல், குழந்தையை மட்டுமே பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும். படகில் ஏறுமுன் மிதவைச் சட்டையின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். அது குழந்தையின் முகவாய்க்கு மேலே நழுவி வந்தால், தண்ணீரிலும் அப்படியே கழன்றுவிடும். சரியான அளவு கிடைக்கவில்லையென்றால் படகு வேண்டாம், கரையிலிருந்தே பார்க்கட்டும்.

உணவில் மூன்றைச் சொல்கிறேன். கேத்திப் பள்ளத்தாக்கின் கேரட் சுவையானதுதான். ஆனால் பச்சைக் கேரட், வேர்க்கடலை, முந்திரி பதித்த சாக்லேட் ஆகியவை நான்கு வயது வரை மூச்சுக்குழாயை அடைக்கக்கூடியவை. கேரட்டை வேகவைத்து மசித்துக் கொடுங்கள். உதகை உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், குடிநீரைக் கொதி வந்த பிறகு மூன்று நிமிடம் விடுங்கள். குழந்தைச் சோற்றைக் குக்கரில் குழைய வைத்துத் தரச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டிகளுக்கு மாவட்டத்தில் தடை இருப்பதால் எவர்சில்வர் புட்டி கொண்டுவாருங்கள். குழந்தையின் கையில் தின்பண்டத்தைக் கொடுத்துக் குரங்குகள் உள்ள இடத்தில் விடாதீர்கள். கீறினாலோ கடித்தாலோ சோப்பும் ஓடும் நீருமாகப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே தடுப்பூசிக்கு வாருங்கள். 1907 முதல் வெறிநோய்த் தடுப்பில் பணியாற்றும் பாஸ்டர் நிறுவனம் குன்னூரில் இருக்கும் மாவட்டம் இது. சிறு கீறல்தானே என்று விட்டுவிட இங்கே எந்தக் காரணமும் இல்லை.

இரவில் சளியோடு தூங்கும் குழந்தையின் சட்டையை உயர்த்தி ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தை அமைதியாக இருக்கும்போது நிமிடத்துக்கு நாற்பது அல்லது அதற்கு மேல் மூச்சு விட்டாலோ, விலாவின் கீழ்ப்பகுதி உள்ளே இழுத்தாலோ, விடியட்டும் என்று காத்திராமல் 108ஐ அழையுங்கள். அந்த நேரத்தில் நீங்களே காரை எடுத்து இருட்டில் மலையிறங்க முயல வேண்டாம். உதகையிலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

இறங்கும் நாளில் காதைக் கவனியுங்கள். கீழே போகப்போக வெளிக்காற்றின் அழுத்தம் கூடுவதால், சளி பிடித்த குழந்தைக்கு ஏறும்போது இல்லாத காதுவலி இறங்கும்போது வரும். காரணம் தெரியாமல் அழுவதாகத்தான் பெற்றோருக்குத் தோன்றும். குன்னூரைத் தாண்டியதிலிருந்து குழந்தையை விழித்திருக்க வைத்து, இருக்கையில் இருந்தபடியே டம்ளரால் சிறிது சிறிதாகத் தண்ணீர் புகட்டுங்கள். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு வண்டியை ஓரமாக நிறுத்திப் பால் கொடுங்கள். விழுங்கும்போதெல்லாம் காது திறந்துகொள்ளும். பர்லியாரில் நிறுத்தும்போதே ஸ்வெட்டரையும் குல்லாயையும் கழற்றிவிடுங்கள். அங்கிருந்து அரை மணி நேரத்தில் மேட்டுப்பாளையத்து வெயில் வந்துவிடும்.