சிறுநீரகத்தில் ஓர் ஓவியரின் கோடு

அறுவை சிகிச்சையின் நடுவே எடுத்த புகைப்படத்தைப் பழகாத கண்ணால் பார்த்தால் எல்லாமே சிவப்பாகத்தான் தெரியும். இரத்தமும் கொழுப்பும் சவ்வும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். எது தமனி, எது நரம்பு என்று பிடிபடாது. அதே இடத்தை வரையும் ஓவியர் கொழுப்பை நீக்கிவிடுவார். தமனிக்குச் சிவப்பு, சிரைக்கு நீலம், நரம்புக்கு மஞ்சள் கொடுப்பார். மேலே இருக்கும் தசையைப் பாதியில் வெட்டி மடித்துவிட்டு, அடியில் இருப்பதையும் அதே படத்தில் காட்டுவார். கேமரா வந்து இத்தனை காலமாகியும் மருத்துவப் பாடநூல்கள் ஓவியத்தைக் கைவிடாததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது வேறொன்று. வரைகிறவர் மழுப்ப முடியாது. 'குழாய் உள்ளே செல்கிறது' என்று எழுத்தில் சொல்லிக் கடந்துவிடலாம். படத்தில் அது எங்கே தொடங்குகிறது, எதற்குப் பின்னால் நுழைகிறது என்று கோடு போட்டே ஆக வேண்டும். தெரியாவிட்டால் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும்.

லியொனார்டோ டா வின்சி 1513 வாக்கில் மாட்டின் இதயத்தை அப்படித்தான் பார்த்தார். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய தமனியான மகாதமனியின் வாயிலில் மூன்று இதழ்கள் கொண்ட வால்வு இருக்கிறது. ஒவ்வோர் இதழுக்கும் பின்னால் சுவர் சற்றுப் புடைத்திருக்கும். சரி, அந்தப் புடைப்பு எதற்கு? கண்ணாடியில் அதே வடிவம் செய்து, புல்விதை கலந்த தண்ணீரை ஓடவிட்டுப் பார்க்கும் சோதனையைக் குறிப்பில் எழுதினார், சுழல்களையும் வரைந்தார். வெளியேறும் இரத்தத்தில் ஒரு பங்கு புடைப்புக்குள் சுழன்று திரும்பி, இதழ்களை விரித்து மூடவைக்கிறது என்பது அவர் முடிவு. அந்தத் தாள்கள் அவர் காலத்தில் அச்சேறவே இல்லை. 20ஆம் நூற்றாண்டின் சோதனைகளும், அப்புறம் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் அந்தச் சுழலைக் கண்ணுக்குக் காட்டின.

1543இல் வெளியான, உடற்கூறியல் மருத்துவர் வெசாலியஸின் நூலிலிருந்த மரச்செதுக்குப் படங்கள் உடற்கூறியலையே புரட்டிப்போட்டன. அது பலரும் அறிந்த கதை. அதிகம் பேசப்படாதவர் மாக்ஸ் பிரோடல். ஜெர்மனியில் ஓவியம் பயின்று, 1894இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்கு வந்தவர். சிறுநீரகத்தின் இரத்தக் குழாய்களை நுணுக்கமாக ஆராய்ந்தபோது, முன்பக்கத் தமனிக் கிளைகளும் பின்பக்கக் கிளைகளும் தத்தம் பகுதிக்குள்ளேயே நின்றுவிடுவதைக் கவனித்தார். இரண்டுக்கும் நடுவே, வெளி விளிம்புக்குச் சற்றுப் பின்னால், பெரிய குழாய்கள் இல்லாத ஓர் இடைவெளி இருந்தது. அங்கே கீறினால் இரத்தப்போக்கு குறையும். 1901இல் இதை வெளியிட்டார். சிறுநீரகக் கல்லை எடுக்க முதுகுப்பக்கமாகத் துளையிடும் மருத்துவர்கள் இன்றும் அந்த இடம் பார்த்துத்தான் ஊசியைச் செலுத்துகிறார்கள். அதன் பெயர் பிரோடல் கோடு.