விண்ணப்பத்தில் ‘கெர்டன்’ எழுதும் முன்

வேலைக்கு அனுப்பும் ஆங்கிலக் கடிதங்களைத் திருத்திக் கொடுப்பது என் தொழில். கொஞ்ச நாளாக, ‘ரிவார்டு’ என்று எழுத வேண்டிய இடத்தில் சிலர் ‘கெர்டன்’ (guerdon) என்று போட்டு அனுப்புகிறார்கள். ஒத்த சொற்களைத் தேடினால் ரிவார்டு, மீட் (meed), கெர்டன் எல்லாம் ஒரே வரிசையில் வரும். எது இன்று புழங்குகிறது, எது எப்போதோ வழக்கொழிந்தது என்று அந்த வரிசை சொல்லாது. பார்க்கக் கம்பீரமாக இருக்கிறதே என்று எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். படிக்கும் அதிகாரி அந்த இடத்தில் தடுக்கி நிற்பார், நீங்கள் சொல்ல வந்த தகுதி பின்னால் போய்விடும்.

சொல் என்னவோ அருமையான சொல்தான். பழைய ஜெர்மன் மொழியில் ‘விடர்லோன்’. விடர் என்றால் திரும்ப, லோன் என்றால் கூலி, வெகுமதி. ஒருவர் செய்ததற்குத் திருப்பிச் செய்வது, அதாவது கிட்டத்தட்ட நம் கைம்மாறு. லத்தீனுக்குப் போனபோது அங்கே கொடையைக் குறிக்கும் ‘டோனும்’ என்ற சொல்லின் சாயல் ஏறி ‘விடர்டோனும்’ ஆனது. பிரெஞ்சுக்காரர்கள் வாயில் ஜெர்மானிய வகரம் ககரமாகிவிடும். வாரண்டி, கேரண்டி இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்து இரண்டு உருவத்தில் ஆங்கிலத்தில் தங்கியதும் இதனால்தான். அப்படித்தான் கெர்டன் பிறந்து, ஆங்கிலத்துக்கு வந்து, 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் சாஸரின் எழுத்திலும் இடம்பிடித்தது. பிரெஞ்சில் போருக்கும் ‘கெர்’ என்றுதானே சொல்கிறார்கள், அப்படியானால் இது போர்ப் பரிசு என்று யாராவது விளக்கினால் நம்பாதீர்கள், ஒலி ஒத்துப்போவதைத் தவிர அதில் ஒன்றுமில்லை. இதன் உடன்பிறப்பான ‘கலார்தோன்’ ஸ்பானிய மொழியில் விருது என்ற பொருளில் இன்றும் உயிரோடு இருக்கிறது.

ஷேக்ஸ்பியரின் ‘லவ்ஸ் லேபர்ஸ் லாஸ்ட்’ நாடகத்தில் காஸ்டர்ட் என்ற நாட்டுப்புறத்தான் வருகிறான். கடிதம் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லி ஒரு பகட்டுக்காரர் அவன் கையில் ‘ரெமுனரேஷன்’, அதாவது ஊதியம், என்று சொல்லி மூன்று ஃபார்திங் வைக்கிறார், அதாவது முக்கால் பென்னி. மூன்று ஃபார்திங்குக்கு லத்தீனில் அதுதான் பெயர் போலிருக்கிறது என்று அவன் எடுத்துக்கொள்கிறான். அப்புறம் ஒரு பிரபு இன்னொரு கடிதத்தோடு ‘கெர்டன்’ என்று ஒரு ஷில்லிங் தருகிறார், 12 பென்னி. காஸ்டர்டுக்கு ஒரே சந்தோஷம்: ரெமுனரேஷனைவிட கெர்டன் பதினொன்றேகால் பென்னி உசத்தி என்று கணக்குப் போட்டுவிடுகிறான்! 1590களில் எழுதிய நாடகம் இது. பெரிய வார்த்தை கேட்பவனுக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதற்கு இதைவிட நல்ல காட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

‘மீட்’ இன்னும் கவனிக்க வேண்டியது. இடைக்கால ஆங்கிலத்தில் அது வெகுமதிக்கும் வரும், லஞ்சத்துக்கும் வரும். ‘பியர்ஸ் ப்ளௌமேன்’ என்ற பழங்கவிதையில் மீட் என்ற பெயரில் ஒரு சீமாட்டியே வந்து நீதிமன்றத்தைக் கெடுக்கிறாள். உதவித்தொகை கேட்டு எழுதும் கடிதத்தில் இதைப் போடலாமா?

இணைய அகராதியில் பொருளுக்கு முன்னால் சின்ன எழுத்தில் ‘ஆர்க்கேயிக்’ (வழக்கொழிந்தது) என்றோ ‘லிட்டரரி’ (இலக்கிய வழக்கு) என்றோ குறித்திருந்தால் அது பழங்கவிதை படிக்க உதவும் சொல். கடிதத்துக்கு ரிவார்டு போதும், விருது என்றால் அவார்டு, செய்த வேலைக்குப் பணம் என்றால் பேமென்ட்.