காதறுந்த வார்

போன டிசம்பரில், கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்ட்ஸ் முடிந்த மறுநாள் காலை, பெரம்பூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவன் பெரியமேட்டிலிருக்கும் என் தோல் வார் பட்டறைக்கு வந்தான். தெருவில் நின்று வாசித்துக்கொண்டிருந்தபோது கிட்டார் தோளிலிருந்து கழன்று சிமெண்ட் தரையில் விழுந்து, கழுத்து முறிந்துவிட்டது. "அண்ணா, வார் அறுந்தே போகல, நல்லாத்தான் இருக்கு. எப்படி விழுந்துச்சுன்னே புரியல" என்றான்.

வாரை வாங்கிப் பார்த்தேன். அவன் சொன்னது சரிதான், நடுவில் ஒரு கீறல் இல்லை. ஆனால் முனையில், கிட்டார் பொத்தானை மாட்டும் துளை, வாய் பிளந்து கிடந்தது. நாங்கள் அதைக் காது என்போம். கிழிந்த இடத்தை நகத்தால் கீறினேன்; ரஸ்க் மாதிரி உதிர்ந்தது. பின்பக்கம் பளபளவென்று தங்க எழுத்தில் 'ஜெனுவின் லெதர்'.

அந்த முத்திரையை நம்பாதீர்கள். தோல் வெட்டும்போது விழும் துண்டையும் தூளையும் அரைத்து, பசை சேர்த்து அழுத்தி, மேலே பிளாஸ்டிக் பூச்சுப் பூசி, தோலின் ரேகையையும் அச்சடித்துவிடுகிறார்கள். பர்ஸுக்குப் போதும். நாலு கிலோ கிட்டாரைத் தாங்க அதில் நீள நார் கிடையாது. கடையில் வாரின் முகத்தைத் தடவிப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம். காதைக் கொஞ்சம் விரித்து, துளையின் உள்சுவரைப் பாருங்கள். நல்ல தோலென்றால் பிய்த்த தேங்காய் மட்டை மாதிரி நார் பின்னிக் கிடக்கும். அட்டை மாதிரி சமமாக இருந்தாலோ, நடுவில் துணி எட்டிப் பார்த்தாலோ கீழே வைத்துவிடுங்கள்.

காது வெட்டுவதில் இரண்டு விஷயம் உண்டு. முதலில் ஒரு வட்டத் துளை, அதிலிருந்து ஒரு கீறல். கீறல் தோள் பக்கம் போக வேண்டும், முனைப் பக்கம் போகக் கூடாது. கிட்டாரின் பாரம் பொத்தானை எப்போதும் முனையை நோக்கித்தான் இழுக்கும். அந்தப் பக்கம் முழுத் தோல் இருந்தால்தான் தாங்கும். இன்னொன்று, கீறல் முடிகிற இடத்தில் கடுகளவு ஒரு துளை போட வேண்டும். அது இல்லாவிட்டால் இழுவிசை முழுவதும் கீறலின் கூர்முனையில் குவிந்து, ஒவ்வொரு முறை மாட்டும்போதும் ஒரு இழை கிழியும். அந்தக் கடுகுத் துளையைப் போட எனக்கு அரை நிமிஷம் ஆகிறது. கடைகளில் தொங்குகிற பல வார்களில் அது இல்லை.

நானும் தப்புப் பண்ணியிருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், தோல் மிச்சம் பிடிக்கலாமென்று மாட்டுத் தோலின் வயிற்றுப் பகுதியில் ஒரு பேஸ் கிட்டார் வாரை வெட்டினேன். வயிற்றுத் தோல் இளகல், இழுத்த பக்கம் வரும். மூன்றே மாதத்தில் வார் நாலு விரல் நீண்டுபோய், பக்கிளைக் கடைசி ஓட்டைக்கு ஏற்றியும் கிட்டார் முழங்கால் வரை தொங்கியது. அன்றிலிருந்து முதுகுப் பகுதியில், தண்டுவடத்துக்கு இணையாகத்தான் கத்தியை வைக்கிறேன். ஒரு வாருக்கு ஒரு சதுர அடிகூடச் செலவாகாது. ஆனால் நாலடி நீளம் ஒட்டில்லாமல் கிடைக்க வேண்டுமே! ஆட்டுத் தோலில் அது நடக்காது.

கிட்டாருக்கு எனக்குப் பிடித்தது பட்டையில் பதனிட்ட தோல், 3 மில்லிமீட்டர் கனம். ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டு இந்தக் கரையிலிருந்து கப்பலேறிய சரக்கைத்தான் ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் என்றார்கள், இன்று அதற்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. விறைப்பான தோல், வெட்டிய துளை வெட்டிய அளவிலேயே நிற்கும். பட்டைக்குப் பதில் குரோமிய உப்பில் பதனிட்ட குரோம் தோல் பஞ்சு மாதிரி இருக்கும். (குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்ததே அங்கிருந்த குரோம் லெதர் கம்பெனியால்தான்.) தோளுக்குச் சுகம், ஆனால் காது தளரும்.

பறைக்கு மட்டும் நான் இந்தக் கணக்கை மாற்றிவிடுவேன். வாசிப்பதற்கு முன் வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சுவார்கள். பல குழுக்களில் வாரைக் கழற்றாமலே தீயில் காட்டுகிறார்கள், அதுவும் முந்தின ஆட்டத்தின் வேர்வை காயாத வாரை. தோல் என்பது கொலாஜன் என்கிற புரத நார். மூன்று புரி முறுக்கிய கயிறு மாதிரி அதன் அமைப்பு என்று 1954-இல் சொன்னவர்கள் நம்ம சென்னைப் பல்கலைக்கழகத்து ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். நனைந்த தோலில் சூடு ஏறினால் அந்த முறுக்கு அவிழ்ந்து நார் சுருண்டுவிடும். பட்டைத் தோல் ஏறக்குறைய 80 டிகிரியிலேயே சுருங்கும். நன்றாகப் பதனிட்ட குரோம் தோல் கொதிநீரையும் தாங்கும். சுருண்ட வார் கருவாடு மாதிரி விறைத்துப்போகும், எந்த எண்ணெய் போட்டாலும் திரும்பாது. அதனால் பறைக்குக் குரோம் தோலில், அகலமாக, கொக்கியில் கழற்றி மாட்டுகிற மாதிரிதான் செய்து தருகிறேன். "காய்ச்சும்போது கழட்டிடுங்கண்ணே" என்று சொல்லியும் அனுப்புகிறேன். கேட்பவர்கள் கேட்கிறார்கள்.

வெள்ளைச் சட்டைக்காரர்களுக்கு வேறொரு வம்பு. பட்டைத் தோலில் டானின் என்கிற துவர்ப்புச் சத்து இருக்கிறது. இரும்பு வளையமோ இரும்பு ரிவெட்டோ அடித்து, அதன் மேல் வேர்வையும் பட்டால், அந்த இடம் மை மாதிரிக் கறுக்கும். கலம்காரித் துணி ஓவியத்தில் கடுக்காயும் இரும்பும் சேர்த்துக் கறுப்பு எடுக்கிறார்களே, அதே கதைதான். புறப்பாட்டில் தவிலைத் தோளில் மாட்டி நடந்த ஒரு வித்வான், சட்டையைக் காட்டி என்னைத் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. இப்போது பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மட்டும்தான்.

(இன்னொருவர் தன் மிருதங்கப் பைக்கு வார் கேட்டார், பூஜை அறையில் வைப்பதால் தோல் ஆகாது என்றார். பைக்குள் இருக்கிற மிருதங்கத்திலேயே ஆடு, மாடு, எருமை மூன்றின் தோலும் இருப்பதை நான் ஏன் சொல்லப் போகிறேன்? பருத்தி நாடாவில் தைத்துக் கொடுத்தேன். நன்றாகவே உழைக்கிறது.)

பழைய அமெரிக்க கிட்டார் வைத்திருப்பவர்கள் வினைல் அல்லது ரப்பர் வாரை அதன் மேலேயே சுற்றிவைக்க வேண்டாம். அந்த கிட்டார்களின் மேல் அடித்திருக்கும் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சை அது இளக்கி, தடம் பதித்துவிடும்.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஐப்பசி, கார்த்திகையில் ஈர வாரைப் பைக்குள் திணித்து ஜிப்பை மூடினால் ஒரே வாரத்தில் வெள்ளையாகப் பூசணம் பூக்கும். துடைத்து நிழலில் காயப் போடுங்கள்; மொட்டைமாடி வெயில் ஆகாது. தேங்காய் எண்ணெயை ஊற்றி ஊறவைக்கிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். தோல் மெதுவாகத்தான் ஆகும், கூடவே காதும் தளரும்.

நல்ல தோலில் காது மட்டும் போயிருந்தால் வாரைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. முனையை வெட்டிவிட்டு, புதுத் துண்டு வைத்து, இரண்டு ஊசியில் மெழுகு நூல் கோத்து எதிரும் புதிருமாகத் தைத்தால் போதும். மிஷின் தையலில் ஒரு கண்ணி விட்டால் மற்றதும் உருவிக்கொண்டு வரும். இதில் ஒரு நூல் அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும்.

அந்தத் தம்பியின் வாரையும் அப்படித் தைக்கப் பார்த்தேன். குத்தூசி போன இடமெல்லாம் உதிர்ந்தது. அவனுக்குப் புது வார் செய்து கொடுத்துவிட்டு, பழையதைப் பட்டறை வாசல் ஆணியில் மாட்டிவைத்திருக்கிறேன். 'ஜெனுவின் லெதர்தானே அண்ணா, அப்புறம் என்ன?' என்று கேட்டு வருகிறவர்கள் நகத்தால் கீறிக் கீறி, அதில் பாதிதான் மிச்சம்.